ஆர்டன் வரக்கூடாத வியாழக்கிழமை

அங்கீகார ஆய்வுக் குழு அக்டோபரில் வருகிறது என்று மாநிலத் தலைநகர் லிங்கனிலிருந்து தகவல் வந்ததும் எங்கள் பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளர் வெர்லின் ஹாஸ்டெட்டுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருபது வருடமாக மாவட்டத்தை நடத்துகிற மனிதர். பனிப்புயலில் பள்ளிப் பேருந்தைத் தானே ஓட்டி வந்து பிள்ளைகளை வீடு சேர்த்தவர். ஆனால் தலைநகரிலிருந்து நாலு பேர் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வருகிறார்கள் என்றால் மனிதருக்குப் பயம் வந்துவிடும்.

பயப்படாமல் என்ன செய்வார்? எங்கள் ஊர் கெல்டர் ஃப்ளாட்ஸில் இருப்பது ஒரே பள்ளிக் கட்டடம். கிழக்குக் கதவில் மழலைகள் நுழைவார்கள், மேற்குக் கதவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வெளியே போவார்கள். மாவட்டம் என்று பெயர், அவ்வளவுதான். அங்கீகாரம் போனால் பிள்ளைகளைப் பக்கத்து ஊர் ஹார்வெலோடு சேர்த்துவிடுவார்கள். பள்ளி போன ஊர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அடுத்து தபால் நிலையம் போகும், பிறகு மளிகைக் கடை போகும், கடைசியில் நெடுஞ்சாலையில் ஊர்ப் பெயர்ப் பலகை மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்.

ஆகவே ஆகஸ்டிலேயே ஆரம்பித்துவிட்டோம். பொறுப்பு மார்லிஸ் தலையில் விழுந்தது. பாடத்திட்ட ஒருங்கிணைப்பாளர் அவர்தான், நூலகரும் அவர்தான், வாலிபால் ஆட்டத்தில் புள்ளி எழுதுவதும் அவர்தான். அறிவியல் ஆசிரியனான எனக்குப் பாதுகாப்புக் குழுத் தலைவர் என்ற பட்டம் கிடைத்தது. அந்தக் குழுவில் வேறு யாரும் இல்லை.

ஆய்வுக்கு நாமே நம்மைப் பற்றி ஓர் அறிக்கை எழுத வேண்டும். எழுதுவது பெரிதில்லை. எழுதின ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். "குடும்பங்களோடு நெருங்கிய தொடர்பு வைத்திருக்கிறோம்" என்று எழுதிவிட்டு மார்லிஸ் கேமராவோடு வாசலில் நின்றார். நான் ஒரு மாணவியின் அப்பாவோடு அவருடைய பிக்கப் வண்டியின் கியர் கோளாறைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

"அப்படியே நில்லுங்க! கொஞ்சம் அக்கறையா பாருங்க."

"கியரைப் பத்திதான் பேசிக்கிட்டிருக்கோம், மார்லிஸ்."

"படத்துல கியர் தெரியாது. அக்கறை தெரியும்."

அந்தப் படம் அறிக்கையின் ஏழாம் பகுதியில் போயிற்று. உண்மையைச் சொன்னால் அதில் நான் மிகுந்த அக்கறையோடுதான் இருக்கிறேன்.

அடுத்தது லட்சிய வாசகம். மாவட்டத்துக்கென்று ஒரு வாசகம் இருக்கிறது என்பதே பாதிப் பேருக்கு அப்போதுதான் தெரிந்தது. "மாறிவரும் உலகில் வாழ்நாள் முழுவதும் கற்பவர்களாகவும் பொறுப்புள்ள குடிமக்களாகவும்" என்று தொடங்கி, நடுவில் மூச்சு வாங்காமல் முடிக்க முடியாத வாசகம். யார் எழுதியது என்று யாருக்கும் நினைவில்லை. குழு யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்கும் என்பதால் எல்லாரும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று உத்தரவு. சமையல்கூடத்து டோலோரஸ், "எனக்கு வாசகம் வராது. வந்தவங்களுக்குச் சூடா பீன்ஸும் கறியும் போட்ட சில்லியும், இனிப்பா சின்னமன் ரோலும் வெக்கிறேன். வாய் நிறைஞ்சிருந்தா கேள்வி கேக்க மாட்டாங்க" என்றார். நாங்கள் போட்ட திட்டங்களிலேயே உருப்படியானது அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. வெர்லினுக்கே வாசகம் 'பொறுப்புள்ள' என்ற இடத்தில் சிக்கிக்கொள்ளும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே செய்கிற வேலை. சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பு மதிப்பெண். இரண்டு வருடமாக அது இறங்கிக்கொண்டே வந்தது. வாசிப்புக்கென்று இருந்த ஆசிரியை ஓய்வு பெற்றபின் அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. கொஞ்ச நாள் தேடினோம், பிறகு பள்ளி வாரியம் தேடுவதை நிறுத்திவிட்டு, கால்பந்து மைதானத்துக்குப் புது விளக்குகள் போட முடிவெடுத்தது. விளக்குகள் நன்றாகவே எரிகின்றன.

வெர்லின் அந்த மதிப்பெண் பக்கத்தை அறிக்கையின் பின்பகுதியில், தீயணைப்புக் கருவிகளின் சான்றிதழுக்குப் பின்னால் வைக்கச் சொன்னார்.

"இது சரியா படலையே, வெர்லின்" என்றார் மார்லிஸ்.

"நான் என்ன பொய்யா சொல்றேன்? இருக்கில்ல? கடைசில இருக்கு."

"தீயணைப்புக் கருவிக்கும் வாசிப்புக்கும் என்ன சம்பந்தம்?"

"ரெண்டும் அவசரத்துக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு வெர்லின் போய்விட்டார்.

பிறகு ஒத்திகை வைத்தோம். ஆசிரியர்களுக்கு, மாணவர்களுக்கு, கடைசியாகப் பள்ளி வாரியத்துக்கு. வாரியத் தலைவர் ஆர்டன் குச்செரா. ஊருக்கு வடக்கே மாட்டுப் பண்ணை. வெர்லினும் அவரும் இதே பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஒரே கால்பந்து அணியில் ஆடியவர்கள். தினமும் காலையில் கூட்டுறவுக் கடையில் ஒன்றாகக் காபி குடிப்பவர்கள். ஆர்டனிடம் ஒரே ஒரு குறை. மனிதருக்குப் பொய் வராது. இழவு வீட்டில்கூட, இறந்தவர் நல்ல மனிதர் என்று சொல்லக் கொஞ்சம் யோசிப்பார்.

மார்லிஸ் ஆய்வாளர் மாதிரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டார். "உங்க மாவட்டத்தோட பெரிய பலம் என்ன?"

"சின்னமன் ரோல்" என்றார் ஆர்டன்.

"படிப்பு சம்பந்தமா?"

"அப்படிக் கேளுங்க. வாத்தியாருங்க நல்லவங்க. பசங்க பரவால்ல. வெர்லின் பயந்தாங்கொள்ளி, ஆனா உழைப்பாளி."

வெர்லின் இருமினார். மார்லிஸ் அடுத்ததற்குப் போனார். "மாவட்டத்தோட அஞ்சு வருஷத் திட்டம் பத்திச் சொல்ல முடியுமா?"

"ரொம்ப நல்ல திட்டம். அந்த பீரோவுல இருக்கு. வெச்ச நாள்லேர்ந்து யாரும் கை வெக்கல."

"சவால்கள்?"

"மூணாங்கிளாஸ் பசங்களுக்குப் படிக்க வரல. தீவன மூட்டைல இருக்கிறதைப் படிக்கச் சொன்னா மாட்டுப் படத்தைப் பாத்துச் சொல்றானுங்க."

ஒத்திகை அத்தோடு முடிந்தது. ஆர்டன் தொப்பியை மாட்டிக்கொண்டு, "எப்படிடா இருந்துச்சு?" என்று வெர்லினைக் கேட்டார். "நல்லா இருந்துச்சு" என்று வெர்லின் சொன்னார். அவருக்குப் பொய் ஓரளவு வரும்.

மறுநாள் வெர்லின் ஒரு யோசனையோடு வந்தார். ஆய்வுக் குழு வாரியத்தைச் சந்திக்க புதன்கிழமை மாலை கேட்டிருந்தது. அவர் அதை வியாழக்கிழமை காலைக்கு மாற்றினார். வியாழக்கிழமை சந்தையில் கன்று ஏலம். ஆர்டனுக்கு வருடத்திலேயே அதுதான் பெரிய நாள். ஒரு வருட உழைப்பு அன்றுதான் விலையாகும்.

பள்ளி வாசலில், நானும் மார்லிஸும் பக்கத்தில் நிற்கும்போதே வெர்லின் ஆர்டனிடம் பேசினார். "குழு வியாழக்கிழமைதான் வரும்ங்கறாங்கடா. நானும் சொல்லிப் பாத்துட்டேன், மசிய மாட்டேங்கறாங்க. நீ ஏலத்துக்குப் போ. துணைத் தலைவர் ரோண்டா இங்க பாத்துக்குவா."

ஆர்டன் நெகிழ்ந்துவிட்டார். வெர்லினின் தோளைத் தட்டி, "நீ இவ்ளோ டென்ஷன்ல இருக்கும்போது என் கன்னுக்குட்டிய நெனச்சுப் பாக்கிற பாரு. நல்ல மனசுடா உனக்கு" என்றார்.

மார்லிஸ் நூலகத்துக்குப் போய்ப் புத்தகங்களை அடுக்கினார். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

குழு வந்தது. தலைவர் ஜெனீவா பிரைஸ் அமைதியான பெண்மணி, எதைச் சொன்னாலும் "அப்படியா?" என்று மட்டும் கேட்பார். அந்த "அப்படியா"வுக்குப் பயந்தே ஆசிரியர்கள் கேட்காததையும் சொன்னார்கள். டோலோரஸின் சின்னமன் ரோலை நால்வரும் இரண்டாவது தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள். வாய் நிறைந்திருந்தும் கேள்விகள் நிற்கவில்லை. தாழ்வாரத்தில் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியை நிறுத்தி லட்சிய வாசகம் கேட்டார் ஜெனீவா. அவள் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, "அர்த்தம் கேக்க மாட்டீங்கல்ல?" என்றாள்.

வியாழக்கிழமை காலை நூலகத்தில் வாரியச் சந்திப்பு. பாதுகாப்புக் குழுவின் முறை அடுத்து என்பதால் நான் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். ரோண்டா சொல்லிக்கொடுத்த பதில்களை வார்த்தை தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தார். வெர்லின் முகத்தில் ஆகஸ்டுக்குப் பிறகு முதன்முறையாக ரத்தம் ஓடியது.

அப்போது கதவு திறந்தது. சந்தைக்குப் போட்ட சட்டையோடு, பூட்ஸில் சாணத்தோடு, ஆர்டன் நின்றார்.

"மன்னிக்கணும். கன்னுங்களைப் பையன் வித்துக்குவான்" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டார். "நேத்து கடைல வெர்லினைப் பாத்தேன், மூஞ்சியே சரியில்ல. பாவம், தனியா மாட்டிக்கிட்டு முழிப்பானேன்னு மனசு கேக்கல. பாதி வழியில வண்டியத் திருப்பிட்டேன்."

ஜெனீவா சிரித்தார். "நீங்க வந்தது சந்தோஷம். நாங்க புதன்கிழமைதான் கேட்டிருந்தோம். உங்களுக்குத் தோதுப்படாது, வியாழக்கிழமை நீங்க இல்லாம நடத்திக்கச் சொல்லி நீங்களே கேட்டுக்கிட்டதா வெர்லின் சொன்னார்."

ஆர்டன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அதன் விளிம்பை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். வெர்லினைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. ஏலத்தில் நல்ல மாடு என்று வாங்கியது வீட்டுக்கு வந்ததும் நொண்டினால் ஒரு பார்வை பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தார். வெர்லின் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி என்ன, ஆர்டன் வாயைத் திறந்தால் எல்லாம் கொட்டப்போகிறது என்று நான் நினைத்தேன். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த மார்லிஸும் அதையேதான் நினைத்திருப்பார், பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"ஆமா" என்றார் ஆர்டன். "நான்தான் சொன்னேன். வயசாச்சு, சொன்னதே மறந்து போச்சு."

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். நன்றாகச் சொல்லவும் இல்லை. காது மடல் இரண்டும் சிவந்துவிட்டது.

"அப்படியா?" என்றார் ஜெனீவா. பிறகு கேட்டார்: "வாரியத் தலைவரா உங்களை எது உறுத்துது?"

"மூணாங்கிளாஸ் வாசிப்பு. டீச்சர் போனாங்க, ஆள் கிடைக்கல. இன்னும் தேடியிருக்கணும். தேடறதை நிறுத்திட்டு மைதானத்துக்கு விளக்கு போட்டோம். ஓட்டு சரிசமமா நின்னப்போ விளக்குக்குக் கை தூக்கினது நான்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்டம் பாக்க எனக்கு ஆசை. இதுக்கும் வெர்லினுக்கும் சம்பந்தமில்ல. அவன் டீச்சர்தான் வேணும்னான். அவன் பேச்சை நான் கேக்கல."

இதற்கு மேல் வெர்லினால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றார். நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

"மேடம், இவர் சொன்னது பாதிதான். அறிக்கையில அந்த மதிப்பெண்ணைப் பின்னாடி வெச்சது நான். தீயணைப்புக் கருவி சான்றிதழுக்கு அடுத்த பக்கம் பாருங்க. புதன்கிழமையை மாத்தினதும் நான்தான். ஆர்டன் எதுவும் கேட்டுக்கல. அவர் உண்மையைச் சொல்லிடுவாருன்னு பயந்துட்டேன்."

ஜெனீவா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தப் பக்கத்தை முதல் நாளே பாத்துட்டோம். இத்தனை வருஷ அனுபவத்துல நாங்க எந்த அறிக்கையையும் பின்னாடியிலிருந்துதான் படிக்கிறது. உங்க ஊர்ல யார் முதல்ல வாயைத் திறப்பீங்கன்னுதான் பாத்துக்கிட்டிருந்தோம்."

வெர்லின் உட்கார்ந்தார். அடுத்து பாதுகாப்புக் குழுத் தலைவரைக் கூப்பிட்டார்கள். நான் என்ன பேசினேன் என்று சத்தியமாக நினைவில்லை.

மாலையில் உடற்பயிற்சிக் கூடத்தில் முடிவைச் சொன்னார்கள். அங்கீகாரம் தொடர்கிறது, ஆனால் நிபந்தனையோடு: வாசிப்பைச் சரிசெய்யத் திட்டம் போட்டு, வசந்தத்தில் லிங்கனுக்கு வந்து காட்ட வேண்டும். பாராட்டுப் பகுதியில் மாணவர்களின் மரியாதை, உணவுக் கூடம், 'குடும்பங்களோடு காட்டும் அக்கறை' மூன்றும் இருந்தன. மார்லிஸ் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். எல்லாரும் கைதட்டினோம். ஆர்டனும் தட்டினார். தட்டி முடித்ததும் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார்.

மறுநாள் காலை கூட்டுறவுக் கடையில் அவர் காபியைக் காகிதக் கோப்பையில் வாங்கிக்கொண்டு வண்டிக்குத் திரும்பிவிட்டார். அதற்கு மறுநாளும் அப்படித்தான். வெர்லின் இரண்டு பேர் உட்காரும் மேசையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்ததை ஊரே பார்த்தது. அங்கீகாரம் கிடைத்த மனிதர் மாதிரியே இல்லை.

அந்தச் சனிக்கிழமை மதியம் வெர்லின் என்னைக் கூப்பிட்டார். "ஆர்டன் பண்ணைக்குப் போறேன். கூட வாயேன்."

"நான் எதுக்கு?"

"பாதுகாப்புக்கு."

நாங்கள் போனபோது ஆர்டன் மாடுகளுக்குச் சினை பார்க்க மருத்துவரை வரவழைத்திருந்தார். ஒவ்வொரு மாடாக இரும்புக் கூண்டுக்குள் ஓட்டி வரவேண்டும். மகன் பின்னால் இருந்து விரட்டினான். முன் கதவைப் பிடிக்க ஆள் போதவில்லை.

"பேசணும்டா" என்றார் வெர்லின்.

"பேசு. அந்தக் கதவைப் பிடிச்சுக்கிட்டே பேசு."

வெர்லின் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடுகிற கோட்டைப் போட்டிருந்தார். அதோடு கதவைப் பிடித்தார். "நான் பண்ணினது தப்புதான். உன்கிட்ட நேரா—" ஒரு கறுப்பு மாடு முட்டிக்கொண்டு வந்தது. கதவோடு சேர்ந்து வெர்லினும் பின்னால் போய் வந்தார்.

"மூடு, மூடு! ம்... சொல்லு."

"நேரா சொல்லியிருக்கணும். உன் வாய்க்குப் பயந்துட்டேன்."

"என் வாய்க்கு நானே பயப்படுவேன். அது பரவால்ல." ஆர்டன் அடுத்த மாட்டுக்குக் கயிற்றை இழுத்தார். அவர் குரல் தணிந்தது. "நல்ல மனசுடா உனக்குன்னு என் வாயால சொல்ல வெச்ச பாரு. எல்லாரும் நின்னு கேட்டுக்கிட்டிருந்தாங்க. நான் ஒருத்தன்தான் தெரியாம சொல்லிக்கிட்டிருந்தேன். அதான்டா உறைக்குது."

எனக்கும் உறைத்தது. நானும் அங்கே நின்றவன்தானே. பூட்ஸைப் பார்த்துக்கொண்டேன்.

வெர்லினுக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லிக்கொள்ளலாம், அங்கே தூசியும் இருந்தது. "அப்புறம் ஏன்டா எனக்காகப் பொய் சொன்ன?"

"வேற என்ன பண்றது? நீ அந்த மேசையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தியே, பாக்க சகிக்கல." மருத்துவர் உள்ளிருந்து "சினை" என்று கத்தினார். ஆர்டன் கதவைத் திறந்துவிடச் சைகை காட்டினார். "நீ எழுந்து நின்னு உண்மையைச் சொல்லிட்ட, அதனால என் பொய்யும் வீணாப் போச்சு. கஷ்டப்பட்டுச் சொன்னேன்டா அதை."

"சரி, இப்ப நான் என்னதான் பண்ணணும்?"

"மாடு இன்னும் பாதி இருக்கு. கதவைப் பிடி."

பிடித்தார். வெயில் சாயும்வரை பிடித்தார். கோட்டின் ஒரு கை கிழிந்துபோயிற்று. அவர்கள் அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. மாட்டைப் பற்றித்தான் பேசினார்கள்.

அதற்காக எல்லாம் அன்றே சரியாகிவிடவில்லை. நவம்பர் முழுக்க ஆர்டன் காகிதக் கோப்பையில்தான் காபி வாங்கினார். ஆனால் வாரியக் கூட்டத்தில் வாசிப்பு ஆசிரியருக்கு மறுபடி ஆள் தேட வேண்டும் என்று முதலில் கை தூக்கியது அவர்தான். தேடியதில் கிடைத்தவர், போயும் போயும், வருடா வருடம் எங்களைக் கால்பந்தில் தோற்கடிக்கிற ஹார்வெல்காரர். முகம் சுளித்தவர்களிடம் ஆர்டன், "ஆட்டத்துல தோக்கறோம்ல, அப்ப அவங்ககிட்ட ஏதோ விஷயம் இருக்கு. வாங்கிக்குவோம்" என்றார். அந்த அம்மாள் ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் உட்காரவைத்து, விரல் வைத்துப் படிக்க வைத்தார். வசந்தத்தில் மதிப்பெண் கூடியது. கொஞ்சம்தான் கூடியது. ஊதிப் பெரிதாக்கிச் சொல்ல மார்லிஸும் முயலவில்லை, அறிக்கையின் முதல் பக்கத்திலேயே உள்ளபடி போட்டார்.

அதை எடுத்துக்கொண்டு வெர்லின் லிங்கனுக்குக் கிளம்பிய அன்று காலை, ஆர்டன் தன் பிக்கப்பைப் பள்ளி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். "ஏறு. உன் வண்டி பாதி வழியில நின்னுடும்" என்றார். வழிநெடுக என்ன பேசினார்களோ தெரியாது. சாயங்காலம் திரும்பி வந்து இறங்கும்போது, பள்ளி நாளில் ஹார்வெலோடு ஆடிய ஆட்டத்தில் பந்தைத் தவறவிட்டது யார் என்று இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள். வெர்லின் தான் இல்லை என்று சத்தியம் செய்தார். ஆர்டன் நம்பவில்லை.